சீட்டைப் பிடித்த கை

அடியே,

இன்று காலை உப்பளத்துக்குப் போகிற வழியில் உன் அம்மா உன் ரேஸ் சைக்கிளை எங்கள் வாசலில் சாத்தினார். உப்புக் காற்றில் செயின் துருவேறிக் கிடக்கிறது. "நீயே வெச்சுக்கம்மா, என்னால பார்க்க முடியல" என்றார். சீட்டில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

அந்த சீட்டைப் பிடிப்பதுதானே நீ எனக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டி போடும் டைம் டிரையலில் இரண்டு காலும் பெடலில் பூட்டியிருக்கும். கிளம்பும்வரை விழாமல் பின்னால் ஒருத்தர் பிடிக்க வேண்டும். முதல்முறை ஆசையில் தள்ளிவிட்டுத் திட்டு வாங்கினேன். "தள்ளினா என்னைப் போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்கடி. பிடி, சொன்னா விடு. அவ்ளோதான்."

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளிலேயே, உப்பு மூட்டை ஏற்றிப் போகிற மொபெட்டுகளை முந்தியவள் நீ. ஓட்டுகிறவர்கள் கத்துவார்கள்; திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். திமிர் பிடித்தவள். மாவட்டத்தில் ஜெயித்தாய். யாரோ புண்ணியவான் இந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். மாநிலத்தில் இரண்டாவதாக வந்ததும், இனி இவளைக் கையில் பிடிக்க முடியாது என்றது ஊர்.

தேசியப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று மற்றவர்கள் கோச்சைக் கூட்டி வந்தார்கள், நீ என்னை. ஒரு கை சீட்டில், ஒரு கை உன் முதுகில். முதுகு கொதித்தது.

"ஜுரமாடி?"

"மூணு நாளா இருக்குது. மாத்திரை போட்டு மறைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லாத, அம்மாவுக்குத் தெரிஞ்சா ஓட்ட விடாது."

அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பிடியை இறுக்கினேன். இழுத்து நிறுத்தியிருக்கலாம். பாவி, எனக்கும் நீ ஜெயிக்க வேண்டும் என்றுதானே இருந்தது. "விடு" என்றாய். விட்டேன்.

முதலாவதாக வந்தாய். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். முன்னாடியே ஏன் கூட்டி வரவில்லை என்று டாக்டர் கேட்டார். ரேஸ் முடிந்துதான் ஜுரம் வந்தது என்று உன் அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? மூன்றாம் நாள் நீ இல்லை.

இன்று சைக்கிளைச் சாத்திவிட்டுப் பத்தடி நடந்த உன் அம்மா திரும்பி வந்தார். "ஏம்மா, அன்னிக்கு உடம்புக்கு முடியலன்னு உன்கிட்ட எதுனா சொன்னாளா?"

"இல்லம்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். நாளைக்கும் இதே வழியாகத்தான் போவார். உள்ளங்கையில் உன் முதுகுச் சூடு இன்னும் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்றாய். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லையேடி.