நாலாம் அங்கத்துச் சீட்டின் பின்பக்கம்

அன்புச் சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமா என்று வழக்கமாகக் கேட்பதுதான், இந்த முறை பதில் நிஜமாகவே தெரிந்தாக வேண்டும், அதனால் முழுசாகப் படி.

அம்மா போன பிறகு, அவள் பதிப்பித்துக்கொண்டிருந்த எட்டாவது நாடகத்தின் குறிப்புச் சீட்டுகளை நான்தான் ஸ்கேன் செய்து அச்சகத்துக்கு அனுப்புகிறேன், தெரியுமில்லையா. நீ நடக்கப் பழகிய வருஷம்தான் முதலாவது நாடகத்தைத் தொட்டாள். பழைய நாடகத்தைத் திருத்தி அச்சுப் போடுறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா என்று அவள் பாடம் நடத்திய கல்லூரியில் பதவி உயர்வைத் தள்ளிக்கொண்டே போனார்கள், இவள் சிரித்துவிட்டு அடுத்த நாடகத்தை எடுத்தாள். பதினொரு கைப்பிரதிகளை வரி வரியாக ஒப்பிட்டு, வார்த்தை மாறும் இடத்தையெல்லாம் பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள், உன் பரீட்சைத்தாள், நான் வேலையிலிருந்து கொண்டுவரும் லிஃப்ட் சோதனைப் படிவம் எதையும் விட்டதில்லை. நானோ மெஷினை ஒரு பக்கத்துக்கு மட்டும் செட் பண்ணி ஆயிரம் சீட்டுக்கு மேல் தள்ளினேன், ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. செவ்வாய்க்கிழமை அச்சகக்காரர் ஒரு சீட்டு மங்கலா இருக்கு, அசலைக் கொண்டாங்க என்றார். கொடுத்தேன். என்ன சார், தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்கிறதே மறந்துபோச்சா என்று கேலியாக ஆரம்பித்தவர், பின்பக்கத்தைப் படித்ததும் சீட்டை என்னிடம் நீட்டினார்.

அது அம்மாவின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட். அவள் போவதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், பரம்பரை நோயாக இருக்கலாம், பிள்ளைகளையும் பரிசோதிக்கவும் என்று இருக்கிறது. மறுபக்கம் நாலாம் அங்கத்தின் ஒரு வரி, அவள் கையெழுத்து, அதே தேதி. நேற்று டாக்டரிடம் காட்டினேன். அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததைத் திடீரென்று வந்தது என்றுதானே நினைத்தோம், இந்த நோய் அதையும் செய்யுமாம். பதினொரு பிரதியில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் பிடிக்கிறவள் இதைப் படிக்காமலா இருந்திருப்பாள். நாடகம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாளோ, யாரைக் கேட்பது.

போன வாரம் நீ விலாப்பக்கம் வலிக்குதுப்பா, ஹாஸ்டல் நாற்காலி சரியில்ல என்றாய். அம்மாவும் சொன்னது இதே நாற்காலிக் கதைதான். நான் ஸ்பானரை எடுத்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தேன், இப்ப பரவாயில்லைங்க என்றாள்.

போனில் சொன்னால் சும்மா பயப்படாதப்பா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் சீட்டின் நகலைக் கூரியரில் இதோடு வைத்திருக்கிறேன், இந்த முறை இரண்டு பக்கமும். நாளைக்கே டாக்டரிடம் காட்டு. புத்தகத்தை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் ஸ்கேன். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், உயரம் சரியாகத்தான் இருக்கிறது.

நூறு வயசு நீ நல்லா இருக்கணும்டா.

அப்பா