நடுக்கோட்டில் ஒரு கால்

மார்ச் 4

அப்பாவிடம் இன்று சொல்லாமல் விட்டது: போன தடவை கூடைப்பந்து நடுவர் தேர்வில் என்னைக் கவிழ்த்த குரல் அவருடையதுதான்.

அன்று ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, நடுக்கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். கூட்டத்திலிருந்து "பேக்! பேக்!" என்று ஒரு கர்ஜனை; பந்து பின்பாதிக்குத் திரும்பிவிட்டதாம். நான் விசிலை ஊதிவிட்டேன். 'கூட்டத்துக்காக ஊதுகிறார்' என்று எழுதிவிட்டார் தேர்வாளர்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "எந்த மடையன்மா அப்படிக் கத்தினான்?"

நான் தண்ணீர் குடித்தேன். நிறைய.

மார்ச் 6

முன்பாதிக்குக் கொண்டுபோன பந்தைப் பின்பாதிக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஆனால் கொண்டுபோனதாக எப்போது கணக்கு? தட்டிக்கொண்டு போகிறவளின் இரண்டு பாதமும் பந்தும் கோட்டைத் தாண்டிய பிறகு. அதுவரை அவள் போகவே இல்லை. போகாதவள் எப்படித் திரும்புவாள்? தத்துவப் புத்தகங்கள் இதைவிடச் சுலபம்.

மார்ச் 9

அம்மாவின் சட்டம்: சமையலறைக்குள் வந்தவர் ஒரு வேலை செய்யாமல் வெளியே போக முடியாது. அப்பா டீ டம்ளரோடு வாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே.

"வந்துட்டீங்கல்ல, அந்தப் பாத்திரத்தைத் தேய்ங்க."

அவர் விழித்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ரெண்டு காலும் டம்ளரும் உள்ள வந்தாத்தான்மா கணக்கு" என்று விதியை விளக்கினேன்.

"கேட்டியா? நான் இன்னும் வரவே இல்லை!"

"நல்லாத்தான் படிக்கிறா உங்க பொண்ணு." பாராட்டு மாதிரித் தெரியவில்லை.

டீயோடு நகர்ந்த அப்பா, பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 14

நாளை மறுதேர்வு. இதுவும் போனால் அடுத்த வருஷம்தான். அப்பா வருகிறாராம். முதல் வரிசையாம். வராதீங்கன்னு எந்த வாயால சொல்ல?

மார்ச் 15

கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். ஒருத்தி கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தாள், இழுத்துக்கொண்டாள். "பேக்!" — மொத்தக் கூட்டமும். எதிரணி விசிலை எதிர்பார்த்து அப்படியே நின்றுவிட்டது. விசில் என் பல்லிடுக்கில். இன்னொரு கால் எங்கே? இந்தப் பக்கம்தான்.

ஊதவில்லை. நின்றவர்களைத் தாண்டி ஓடிப் பந்தைக் கூடையில் போட்டாள்.

எனக்குக் கண் தெரியுமா என்று கூட்டம் விசாரித்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கர்ஜனை: "ஒரு கால் வெளியதான்யா இருந்துச்சு! அவ இன்னும் வரவே இல்லை!"

வீடு திரும்பும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "போன தடவை கத்தினது நான்தானே?"

"அவ்வளவு பேர்ல யாருன்னு எப்படிப்பா தெரியும்?"

மார்ச் 22

தேறிவிட்டேன். அப்பா இரண்டு காலையும் சமையலறைக்குள் வைத்து, எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தார்.