ஜெனாட்டின் காதுகள்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, கனடா
16.11.1997

மருமகள் அன்ரனெற்றுக்கு,

யேசு மரி சூசை துணை. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோ கசெற் வந்தது. என்னுடைய டெக் பழுது என்பதால் கீழ்மாடி விநாயகமூர்த்தி அண்ணை வீட்டில் போட்டுப் பார்த்தோம். போட்டிருக்கக் கூடாது. கூடாரம், சேறு, பொஸ்னியா மலை, எல்லாம் சரி. நடுவிலே நீ நடந்து வருகிறாய், என் மகன் ஜெனாட் விறைத்து நின்று உனக்குச் சல்யூட் அடிக்கிறான்! நீயும் பெரிய மனுசி மாதிரி ஒரு கையை உயர்த்திவிட்டுப் போகிறாய். ஒரு சிரிப்புக்கூட இல்லை. அண்ணை அந்த இடத்தைத் திரும்பவும் போட்டார். "வேரோனிக்கா, உங்கடை மோன் மனுசிக்குப் பணிய நல்லாய்ப் பழகிட்டார்" என்றார். அவருடைய மனுசி குசினிக்குள் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

நீ கனடா இராணுவத்தில் தாதி அதிகாரி, லெப்டினன்ட். அவன் உனக்குக் கீழே, வாகனம் திருத்துகிற கோப்ரல். அது தெரிந்துதான் கலியாணத்துக்குச் சம்மதித்தேன். ஆனால் உன் கட்டில் ஒரு கூடாரத்தில், அவன் கட்டில் இன்னொன்றில். சாப்பிடுகிற இடமும் வேறு. கலியாணம் முடித்து இரண்டு வருசம் ஆகவில்லை. உங்களுக்குள் ஏதும் பிரச்சினையா? அவனிடம் ரெலிபோனில் கேட்டால் "ஒண்டுமில்லையம்மா" என்கிறான். நீயாவது ஒளிக்காமல் எழுது.

மாமி
வேரோனிக்கா


பொஸ்னியா
3.12.1997

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எழும்பிவிட்டாள். பிறகு விநாயகமூர்த்தி அங்கிள் வீட்டில் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கோபிக்க வேண்டாம் மாமி.

பிரச்சினை ஒன்றும் இல்லை. இங்கே பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். அதிகாரிகளுக்குச் சாப்பாட்டு மண்டபம் வேறு. கட்டின புருசன் என்றாலும் கையைப் பிடித்துக்கொண்டு திரிய முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போது உங்கள் மகன் என் கையைப் பிடித்தால் அடுத்த பாட்டு முடியும்வரை விடமாட்டார்.

மற்ற நாட்களில் நான் மருத்துவக் கூடாரத்துக்குப் போகிற வழியில் அவருடைய வேலைத்தளம். நான் வரும் நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார். அந்தச் சல்யூட்தான் எங்களுடைய குட்மோர்னிங். சல்யூட் அடிப்பது என் தோளில் இருக்கிற பதவிப் பட்டிக்கு, கண் அடிப்பது எனக்கு. கசெற்றில் அது விழவில்லைப் போலிருக்கிறது. இதை அங்கிளிடம் சொல்லிவிடாதீர்கள்!

குளிர் கடுமை. சுகமா என்று கேட்டால் இவர் என்னிடமும் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்கிறார்.

அன்புடன்
அன்ரனெற்


வெக்ஸ்போர்ட்
21.12.1997

அன்ரனெற் பிள்ளைக்கு,

நத்தார், புதுவருச வாழ்த்துக்கள். கேக்கும் மல்லியும் சுக்கும் தனிப் பார்சலில் வருகின்றன.

ஒரு சாட்டுச் சொல்லிக் கீழே போய்க் கசெற்றைத் திரும்பப் பார்த்தேன். கண் அடித்தது தெரியவில்லை. ஆனால் நீ போன பிறகும் அவன் வாசலிலேயே நிற்கிறான். அதை நான் முதல் தரம் கவனிக்கவில்லை. மனம் கொஞ்சம் ஆறியது.

ஆனால் அந்த உடுப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை பிள்ளை. ஊரில் ஆமியின் பச்சையைக் கண்டு ஓடிய கால்கள் இவை. நீங்கள் அந்த உடுப்போடு வந்தபோதெல்லாம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

அவனுடைய "ஒண்டுமில்லை"யை மட்டும் நம்பாதே. அது தகப்பனிடமிருந்து வந்தது. பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் மட்ச் என்றால் காய்ச்சலை ஒளித்துக்கொண்டு போய்விடுவான். நெற்றியைத் தொடவும் விடமாட்டான். நீ காதைப் பார். காய்ச்சல் என்றால் இரண்டு காதும் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்துவிடும். குளிருக்குச் சிவந்தால் கன்னமும் சேர்ந்து சிவக்கும். காய்ச்சலுக்குக் காது மட்டும்தான்.

மாமி


பொஸ்னியா
19.1.1998

அன்புள்ள மாமிக்கு,

ஜெனாட் சுகமாக இருக்கிறார். இதை நன்றாக வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல வாசலில் நின்று சல்யூட் அடித்தார். நான் கையை உயர்த்தும்போது தொப்பிக்குக் கீழே காதைப் பார்த்தேன். நீங்கள் எழுதிய அதே சிவப்பு. கன்னத்தில் இரத்தமே இல்லை. இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போய்ப் பார்த்தால் நல்ல காய்ச்சல்.

அன்றைக்கு மலையில் ஒரு லொறி பனியில் சறுக்கி நின்றது. அதை இழுத்து வர இவரும் கூட்டாளி கோர்டனும் போக வேண்டும். என்னிடம் கெஞ்சினார். "அன்ரனெற், ரெண்டு மணித்தியாலம்தான். போட்டு உடனை வாறன்" என்றார். தமிழில் கேட்டால் நான் இளகிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். இளகித்தான் போனேன். அதனால் ஆங்கிலத்துக்கு மாறினேன். "கோப்ரல், நீங்கள் இன்று கடமைக்குத் தகுதியில்லை. போய்ப் படுங்கள். இது கட்டளை" என்றேன். முகம் தொங்கிவிட்டது. "யெஸ், மேம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கோர்டன் தனியாகப் போனார். மலைப்பாதையில் வண்டியின் வலப்பக்கச் சில்லு மிதிவெடியில் ஏறிவிட்டது. அவருக்குக் கால் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, நேற்றுக் கனடாவுக்கு அனுப்பிவிட்டோம். வலப்பக்க இருக்கை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை மாமி. அது இவர் இருந்து போகிற இருக்கை.

கோர்டனின் காலைக் கட்டி முடித்தேன். பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். இவர் அந்தப் பக்கம் திரும்பியபடியே கிடந்தார். என்னோடு கோபமாக்கும் என்று பயந்தேன். ஞாயிறு பூசையில் சமாதானத்துக்குப் பிடித்த கையைப் பூசை முடிந்த பிறகும் விடவில்லை. சுவாமியாரும் காணாதவர் மாதிரிப் போய்விட்டார்.

காய்ச்சல் விட்டுவிட்டது. காதும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ச் மாதம் இருவரும் வீட்டுக்கு வருகிறோம்.

அன்ரனெற்


வெக்ஸ்போர்ட்
4.2.1998

என் மகள் அன்ரனெற்றுக்கு,

கடவுளுக்கு நன்றி. உனக்கும் நன்றி.

உன் கடிதம் நேற்று வந்தது. ஜெனாட் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் வீட்டை விட்டு ஓடிக் கோயிலில் இருந்தபோது, ஆட்டைக் கட்டினபடி விட்டுவிட்டோம் என்று அவன் தகப்பன் திரும்பிப் போக வெளிக்கிட்டார். "போகாதேங்கோ" என்று கையைப் பிடித்தேன். "ரெண்டு மணித்தியாலம்தான், போட்டு உடனை வாறன்" என்றார். இதே சொற்கள், மகள். ஷெல் விழுந்தது. அவர் வரவில்லை.

இன்னும் பலமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்று அன்றிலிருந்து மனதைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் விளங்கியது. நான் பலமாகத்தான் சொன்னேன். பெண்சாதி சொன்னால் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. உன் தோளில் அந்தப் பட்டி இருந்தது. என் பிள்ளை படுத்துவிட்டான். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நேற்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

கசெற்றைக் கொண்டுபோய் விநாயகமூர்த்தி அண்ணை வீட்டில் நானே போட்டேன். அந்த இடம் வந்ததும், "வடிவாய்ப் பாருங்கோ, அது என்ரை மருமகள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மனுசி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

மார்ச்சில் எயார்போட்டுக்கு அண்ணையின் காரில் வருவேன். உன்னைக் கண்டவுடன் முதலில் சல்யூட், பிறகுதான் கட்டிப்பிடிப்பேன். விரலை நெற்றியில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஜெனாட்டிடம் ரெலிபோனில் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நீயே விபரமாக எழுது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழக வேண்டும்.

உன் கட்டளைக்குக் காத்திருக்கும்
மாமி