கரடிப் படத்துக்குக் கீழே சிவப்புக் கோடு

மரக்காணம்,
கார்த்திகை 3, புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பாலகுருவுக்கு,

உன் தாய்மாமன் தேசப்பன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தை வைஜெயந்தியும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குஜராத்தில் நீ எப்படி இருக்கிறாய், துறைமுகத்தில் கிரேன் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் நீ பதில் போடப் போவதில்லை. அதனால் நல்லபடியாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் நம்பருக்கு அடித்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் போட்டது ஒரு டிக்கோடு நிற்கிறது. தீபாவளிக்கு வந்த உன் சிநேகிதன் சுரேஷ் வெள்ளிக்கிழமை கிளம்பி உன் ஊருக்கே வருகிறான். கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும். நான் ஏழாவது வரைதான் படித்தேன் என்றாலும் அது அந்தக் காலத்து ஏழாவது. இங்கே காலேஜ் முடித்த பையன்களே என்னிடம்தான் மனு எழுதிக்கொள்கிறார்கள். தாலுகா ஆபீசில் என் எழுத்தைப் பார்த்தால் எழுந்து நின்று படிப்பதாகக் கேள்வி.

இந்த வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்க ஒரே ஏரி. எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்று வரப்பு போட்டவனுக்கே தெரியாது. குவித்து வைத்த உப்பைக் கீற்று போட்டு மூடிவிட்டோம். மழை வரும் என்று நான் பத்து நாள் முன்னாலேயே காற்றை முகர்ந்து பார்த்துச் சொன்னேன். முதலாளி அன்றைக்குச் சிரித்தார். மழை கொட்டிய மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேசப்பா, நீ வானிலை ஆபீசுல இருக்க வேண்டிய ஆளு" என்றார். சரி, அது பெரிய கதை. இனி தை பிறந்துதான் பாத்தியில் கால் வைக்க முடியும். அதுவரை எல்லோரும் வீட்டில் டிவிக்கு முன்னால்தான்.

டிவி என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ சுரேஷ் மூலமாக அம்மாவுக்கு ஒரு டிவி அனுப்பினாயே, பேச்சு இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை, டிவி மட்டும் வந்தது. அதில் நெட்டில் படம் பார்க்கிற உன் கணக்கையும் போட்டுத் தரச் சொல்லியிருந்தாய். கபடி, கிரிக்கெட், நாடகம் எல்லாம் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்தக் கம்பெனிக்காரன் விலையை ஏற்றிவிட்டான். முன்னே மூன்று மாதத்துக்கு வாங்கியதை இப்போது ஒரு மாதத்துக்குக் கேட்கிறான். விளம்பரம் வராமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி. இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் போட்டிருக்கிறான். ஒரு குடும்பம் என்றால் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமாம். வேறு ஊரில் இருக்கிறவன் குடும்பம் இல்லையாம், வெளி ஆளாம். அப்படிப் பார்த்தால் இந்த நாட்டில் எத்தனை குடும்பம் மிஞ்சும் என்று கேட்கலாமென்று அவர்களுக்கு போன் போட்டேன். அரை மணி நேரம் இங்கிலீஷில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எதிரில் பேசிய பெண் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அது மெஷின் என்று பிறகுதான் உன் அத்தை சொன்னாள்.

ஆக, புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு நாள் காலையில் டிவியைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்டது. பழைய பாஸ்வேர்டை அடித்தால் தவறு என்கிறது.

உன் மாமன் சும்மா இருப்பேனா. மறுநாளே கேபிள் சிவப்பிரகாசத்தைப் பிடித்தேன். அவன் இப்போது ஆளில்லாமல் ஈ ஓட்டுகிறான், என்னைக் கண்டதும் கும்பிடு போட்டு வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் மாசக் காசே கட்ட வேண்டாத டிஷ் குடை ஒன்றைத் திண்டிவனத்திலிருந்து வாங்கி வந்து மாடியில் நிறுத்தினேன். மெக்கானிக் வேண்டாம், நானே திசை பார்த்துத் திருப்பினேன். திருப்பிய திருப்பில் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சேனல்கூட வந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது போதாதென்று போன் ரீசார்ஜோடு சும்மா கொடுக்கிறதும் ஒன்று உண்டு, விளம்பரம் பார்த்தால் காசில்லாமல் படம் காட்டுகிறதும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். கபடியை மூன்று வழியில் பார்க்கலாம். மரக்காணத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்த வசதி கிடையாது.

உன் அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. சிவப்பிரகாசம் சேனல் சேனலாக மாற்றிக் காட்டினான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுல எல்லாம் ஓடுது. என் புள்ள எங்க நிறுத்துனான்னு தெரியலியே" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கும் விளங்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அந்தக் கணக்கைத் திறந்தால் முதலில் இரண்டு படம் வரும், ஞாபகம் இருக்கிறதா. உனக்குக் கரடி, அம்மாவுக்குத் தாமரைப் பூ. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, பூவை அமுக்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் கை தவறிக் கரடியை அமுக்கிவிட்டாள். உள்ளே போனால் நீ பாதியில் விட்ட படங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே எதுவரை பார்த்தாய் என்று ஒரு சிவப்புக் கோடு. என்னைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் தினசரிப் பேப்பர். காலையில் காபி போடுவதற்கு முன்னால் கரடியைத் திறப்பாள். கோடு நகர்ந்திருந்தால், "புள்ள வேல முடிச்சி வந்துட்டான்" என்பாள். கால்வாசியில் நின்றிருந்தால், "பாவம், அசதி, தூங்கிட்டான்." பகலில் நகர்ந்தால் உனக்கு நைட் ஷிப்ட். ஆடி மாசத்தில் நான்கு நாள் அசையவே இல்லை. அந்த நான்கு நாளும் அவள் சோறு தின்னவில்லை, காய்ச்சல்தான் என்று அடித்துச் சொன்னாள். உனக்குக் காய்ச்சல் வந்ததா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும்.

அந்த வரிசையில் உள்ள எதையும் தொட விடமாட்டாள். ஒரு முறை நீ பாதியில் விட்ட ஆட்டத்தின் முடிவைப் பார்க்கலாமென்று நான் ரிமோட்டை எடுத்தேன். "உப்பு படியும்போது பாத்தியில கால் வைப்பியா நீ?" என்று கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவள். தண்ணீரைத் தொடாமல் கண்ணாலேயே பதம் பார்க்கிறவளுக்கு இந்தச் சிவப்புக் கோடு எம்மாத்திரம்.

மாப்பிள்ளை, நீ அஸ்வினியைத்தான் கட்டுவேன் என்ற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து, "எனக்குப் புள்ளயே பொறக்கலன்னு நெனச்சிக்கறேன் போ" என்று அக்கா சொன்னாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஊர் நியாயமெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. மூன்று வருஷமாகிறது. சொன்ன சொல்லை அவளால் திரும்ப வாங்க முடியவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஆவணி மாசம் அந்த வரிசையில் புதிதாக ஒன்று வந்தது. பொம்மைப் படம். ஒரு யானை ஆடிக்கொண்டு பாட்டுப் பாடுகிறது. நான் படித்துச் சொன்னேன், பையன் ஏதோ தப்பாக அமுக்கியிருப்பான் என்றேன். மறுநாளும் அதே யானை. கோடு கொஞ்சம் முன்னே போகிறது, அடுத்த தரம் பார்த்தால் திரும்ப ஆரம்பத்துக்கே வந்து நிற்கிறது. பிறகு கூடவே ஒரு தவளை வந்தது, ஒரு பூனை வந்தது. கபடி பின்னால் போய்விட்டது. அக்கா பத்து நாள் அந்தக் கோட்டையே கவனித்தாள். பதினோராவது நாள் என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "தேசப்பா, அவன் வீட்ல சின்னதா ஒண்ணு இருக்குதுடா" என்றாள்.

தீபாவளிக்கு சுரேஷ் வந்தபோது கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "அவன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன் மாமா, என்னெக் கேக்காதீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

கணக்கு நின்றது அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறதா. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். டிவியில்தான் வராது, என் போனில் கரடி வருகிறது என்று சொல்லிவிட்டேன். தினம் காலையில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிப்பேன். நேற்றுக் கபடி இரண்டாம் பாதி வரை பார்த்தான், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருப்பான், நடுவில் அரை மணி நிறுத்தியிருக்கிறான், அது கை கழுவப் போன நேரம். இப்படிப் பதினோரு நாள் ஓட்டினேன். கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். ஒரு நாள் யானைப் பாட்டு என்ன ஆச்சு என்றாள். நேற்று ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள் என்றேன். அரிசியில் இருந்த கை நின்றது. "ஒரே வாட்டியா? கொழந்த ஒண்ணையே பத்து வாட்டி பாக்கும்டா. நீ புள்ள வளத்தவன் இல்ல, அதான் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் வைஜெயந்திக்கும் இல்லாததைச் சொல்லிக் காட்டவும் இல்லை. இருந்தாலும் நான் போனை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நான் வளர்க்கவில்லையா என்ன. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பு லாரி எண்ணியது யார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கணக்கை நீயாக நிறுத்தியது விலை ஏறியதால் மட்டும் இல்லை. அந்த பாஸ்வேர்டை சலூன்காரனுக்குக் கொடுத்தேன். டீக்கடைக்குக் கொடுத்தேன். உப்புத் தொழிலாளர் சங்கத்தில் கபடி பைனல் பார்க்க எல்லோருக்கும் நடுவில் நின்று, என் மருமகன் குஜராத்தில் பெரிய ஆள், இது அவன் கணக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். ஏழு இடத்தில் ஓடியது. ஏழுக்கும் சேர்த்து உன்னிடம் காசு கேட்டிருப்பான். நீ எவனோ திருடுகிறான் என்று நினைத்து எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டினாய். உன் பேரைச் சொல்ல எனக்கு வேறு சந்தர்ப்பம் இல்லை, மாப்பிள்ளை. மூன்று வருஷமாக நீ எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. சொல்வதற்காக போன் போட்டாலும் சரி.

கணக்கைத் திரும்பத் திறந்துவிடு என்று கேட்கவில்லை. அந்தக் காசுக்கு அங்கே பால் வாங்கலாம்.

சுரேஷிடம் ஒரு சின்னப் பொட்டலம் தந்திருக்கிறேன். அதில் கறுப்பு அரைஞாண் கயிறு இருக்கிறது. அக்கா தன் கையாலேயே திரித்து, கோயிலில் வைத்து எடுத்து வந்தாள். ஆணா பெண்ணா தெரியாது, கயிறு இரண்டுக்கும் ஒன்றுதான். இடுப்பு அளவும் தெரியாது, அதனால் இரண்டு முழம் விட்டிருக்கிறாள். நான்கூட, எதற்கு இவ்வளவு நீளம், மாட்டுக்கா கட்டப் போகிறோம் என்றேன். "அவன் வெட்டிக்கட்டும்" என்றாள்.

கட்டும்போது வளர்வதற்கு ஒரு விரல் இடம் விட்டு முடிச்சுப் போடு. மிச்சத்தை வெட்டியதும் எறிந்துவிடாதே. ஒரு கவரில் போட்டு இந்த விலாசத்துக்கு அனுப்பு. கடுதாசி எழுத வேண்டாம், பேரும் போட வேண்டாம், துண்டுக் கயிறு மட்டும் போதும். இரண்டு முழத்தில் இடுப்புக்கு எவ்வளவு போயிற்று என்று அக்கா தன் முழத்தில் அளந்து பார்த்துக்கொள்வாள்.

உன் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
தேசப்பன்