சும்மாக் கணக்கு

ஜூன் 2
தலைமை அலுவலக விடுதி

என் அருமை மனைவிக்கு,

நான் நலம். நீயும் நம் உரக்கடையும் நலமா? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

உரக் கம்பெனி வேலை கௌரவமானது. எந்தக் கடைக்கு எந்த மாதம் எத்தனை மூட்டை உரம் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். போன வருட விற்பனையை வைத்து வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்கிறார்கள். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "மூட்டை எண்ணத் தெரிஞ்சா வியாபாரம் தெரிஞ்சதாயிடுமா?" என்று என்னைக் கேட்டாயே, நீயும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வரைபடப்படி நம் கடைக்கு ஒரு லாரி யூரியா இம்மாத நடுவில் வந்து சேரும்.

பருவம் முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கி, குடியிருக்க வீடும் தருவார்களாம். கடையைச் சாத்திவிட்டு வந்துவிடேன். யோசித்து எழுது.

உன் கணவன்
(தேவைக் கணிப்பு அதிகாரி)


ஜூன் 19
கடை

அன்புள்ள அதிகாரிக்கு,

லாரி வந்தது. மழை வரவில்லை.

போன வருடம் மழை முந்திக்கொண்டது, அதனால் ஜூனிலேயே யூரியா போனது. உங்கள் வரைபடத்துக்கு ஜூன் தெரிகிறது, மழை தெரியவில்லை. இங்கே ஒருவரும் இன்னும் நிலத்தை உழவே இல்லை. பயிர் எழும்பிய பிறகு போடுகிற யூரியாவை வெறும் மண்ணுக்கா போடுவார்கள்? கிடங்கு நிறைந்து, கடை நிறைந்து, மீதியைப் பின்னால் நம் படுக்கையறையில் இறக்கச் சொன்னேன். நீங்கள் படுக்கிற பக்கம் இப்போது யூரியா படுத்திருக்கிறது. குறை சொல்லக் கூடாது, குறட்டை விடுவதில்லை.

என் கணக்கைக் கேளுங்கள். 'உரம் வாங்க வந்தேன்' என்கிறவர் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். 'சும்மாதான் வந்தேன்' என்று பெஞ்சில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்து, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை விசாரிக்கிறார் பாருங்கள், அவர்தான் மழை விழுந்த மறுநாள் வண்டியோடு வந்து நிற்பார். இந்த வாரம் பெஞ்சில் இடமே இல்லை, அத்தனை சும்மா. விதைக்கும்போது போடுகிற அடியுரம் ஒரு லாரி உடனே அனுப்புங்கள்.

கடையைச் சாத்துவது பற்றி: அது என் கடையும்தான்.

இன்னும் உங்கள் மனைவி


ஜூலை 4
விடுதி

என் அருமை மனைவிக்கு,

'சும்மா' என்பதை மேலாளருக்கு எப்படி விளக்குவது? அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, 'கொள்முதல் நோக்கத்தை வெளிப்படுத்தாத வாடிக்கையாளர் வருகை' என்று எழுதிக் கொடுத்தேன். எழுந்து நின்று கை கொடுத்தார். இனி எல்லாக் கடைக்காரர்களும் வாராவாரம் அதை எண்ணி அனுப்ப வேண்டுமாம். உன் அடியுரம் கிளம்பிவிட்டது.

நேற்று, தரப்போகிற வீட்டைப் பார்த்தேன். சமையலறைக்கு இரண்டு ஜன்னல். ஒன்றின் கீழே உன் தையல் மிஷினைப் போடலாம் என்று நின்று அளந்துகொண்டிருந்தேன். வீட்டைக் காட்ட வந்த காவலாளி, "வீட்டுல எத்தன பேரு சார்?" என்றார். நான் ஜன்னலை மறுபடியும் அளக்க ஆரம்பித்தேன்.

வருவாயா, மாட்டாயா? யூரியாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய், இதற்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

உன் கணவன்


ஜூலை 23
கடை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் லாரி வந்தது. என் கணக்கும் கவிழ்ந்தது. சிரிக்காதீர்கள்.

நேற்று மிளகாய்க்காரர் வழக்கம்போல் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணன் எப்ப வர்றாரு?" என்றார்.

"அவர் இருக்கட்டும். உரம் எவ்வளவு வேணும்?" என்றேன்.

"உரமா? மண்ணே காஞ்சு கெடக்கு, அத வாங்கி நான் என்ன பண்ண? அண்ணன் திரும்பி வருவாரா மாட்டாரான்னு... சும்மாதான் கேட்டேன்."

அப்புறம் யோசித்துப் பார்த்தால், கரும்புக்காரரும் அதையேதான் கேட்டார். டிராக்டர் ஓட்டுகிற அக்காவும் அதையேதான் கேட்டார். உரப் பேச்சுக்கு முன்னுரை என்று நான் நினைத்தது எல்லாம், அதுதான் விஷயமே. மூன்று மூட்டை கேட்டவரை, "ஒண்ணு போதும்யா, பயிரக் கொல்லப் போறியா?" என்று விரட்டுவீர்களே, அந்தத் திட்டு இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லையாம். என்னைத் திட்டச் சொல்கிறார்கள். எனக்கு உங்களைத் தவிர வேறு யாரையும் திட்டிப் பழக்கமில்லை.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நான் வர மாட்டேன். இந்த மண்ணும் இந்த பெஞ்சும் இல்லாமல் இரண்டு ஜன்னலை வைத்து என்ன செய்வேன்? என் கோபம் எப்போதோ போய்விட்டது. நீங்கள் இல்லாமல் எதுவும் நன்றாக இல்லை. ஆனாலும் 'வாருங்கள்' என்று எழுத மாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்.

இன்னும் உங்கள் மனைவி


ஆகஸ்ட் 18
விடுதி

என் அருமை மனைவிக்கு,

இங்கே ஒரே களேபரம். எல்லாக் கடைகளும் சும்மா வந்தவர்களை எண்ணி அனுப்புகின்றன. ஒரு கடைக்காரர் மூன்று லாரி கேட்டிருக்கிறார். விசாரித்தால் அவர் கடை பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. மேலாளர் இப்போது எனக்குக் கை கொடுப்பதில்லை. ஆனாலும் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. பேனாவை எடுக்கிறேன், மூடி வைக்கிறேன்.

அங்கே மழை வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

யூரியா படுக்கையைவிட்டு எழுந்துவிட்டதா? அதுவும் சும்மாதான்.

சனிக்கிழமைகளில் அந்த மாலைப் பேருந்து இன்னும் ஓடுகிறதா? சும்மா.

உன் கணவன்


ஆகஸ்ட் 24
கடை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒரே கடிதத்தில் மூன்று சும்மா. என் கணக்கு ஒருமுறை கவிழ்ந்ததுதான். ஆனாலும் இதைப் படித்துவிட்டு அரிசி கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

மழை வந்தது. அடியுரம் வரிசையில் நின்று போனது. பயிர் எழும்பியது, பின்னாலேயே யூரியாவும் போயிற்று. ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், தடுக்க ஆளில்லை. ஒரே ஒரு மூட்டை மட்டும் ஈரக்காற்றில் கல்லாகி, உங்கள் பக்கத்திலேயே கிடந்தது. இன்று காலை நானே உருட்டி வெளியே தள்ளிவிட்டேன்.

பேருந்து ஓடுகிறது. எப்போதும்போல் தாமதமாகத்தான் வரும். மிளகாய்க்காரரும் கரும்புக்காரரும் இன்றே பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார்கள். என்ன வேண்டும் என்றேன். சும்மாவாம்.

உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது. நானும் சும்மாதான் சொன்னேன்.

உங்கள் மனைவி