வெயிலில் எடுத்த படங்கள்

அண்ணி,

இன்று காலை கைபேசி ஒலித்தது. “உங்கள் தேவைக்கேற்ற இரண்டு புதிய வீடுகள் வந்துள்ளன” என்றது திரை. வீடு விற்கும் அந்த இணையதளத்தில், மணிப் படம் போட்ட பொத்தானைத் தொட்டு இவ்வறிவிப்பைத் தொடங்கி வைத்தது உங்கள் விரல். நீங்கள் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அது இன்னும் தன் கடமையில் தவறவில்லை.

பள்ளி என்னை எட்டாம் வகுப்போடு விட்டது; படிப்பை நான் விடவில்லை. திருப்பத்தூரில் தையற்கடை வைத்து, வாடகை அறையில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த நான், என் பெயரில் ஒரு வீடு வேண்டும் என்று மலைமேல் உள்ள நம் புதூர்நாட்டுக்கு வந்து அறிவித்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் கணவர், என் உடன்பிறந்த அண்ணன், சிரித்தார்.

“கண்ணாலம் கட்டாத பொம்பளைக்குத் தனி வூடு இன்னாத்துக்கு? கடைசியில எங்க வூட்டுக்குத்தான வரப்போற?”

களி கிண்டிய கையை நிறுத்தாமலே நீங்கள் கேட்டீர்கள்: “எங்க வூடுன்றீங்களே, அதுல எந்தச் செவுத்துல எம்பேரு எழுதியிருக்குது? அவளுக்காச்சும் ஒண்ணு இருக்கட்டும்.”

அதன்பின் ஞாயிறுதோறும் தேடினோம். நீங்கள் எழுத்தறியாதவர். ஆகவே விவரங்களை நான் உரக்க வாசிப்பேன்; படங்களை நீங்கள் ஆராய்வீர்கள். “காற்றோட்டமும் மங்களமும் நிறைந்த இல்லம்” என்று நான் உருகினால், “காத்து இருக்கட்டும், கக்கூச இன்னாத்துக்குக் காட்டல?” என்பீர்கள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த இளநீல வீட்டைக் கண்டு நான் மயங்கியது உண்மை. பளபளக்கும் தரை, வாசலில் செம்பருத்தி. நேரில் பாராமலே முன்பணம் அனுப்ப முனைந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். நகரத்துக்காரர்களே கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தப் படம் உங்களைத் திகைக்க வைக்கவில்லை.

“இதுல இன்னா புதுசு? மலைமேலருந்து தெனம் பாக்கறதுதான?”

ஒரு மெல்லிய பச்சைக் கோட்டின்மீது உங்கள் விரல் சரிவிலிருந்து இறங்கி, நேரே அந்த வீட்டுக் கூரையில் நின்றது. “நம்ம மலைத் தண்ணி எறங்குற வழி இது. வெயில்ல எல்லா வூடும் அழகுதான். மழை பெய்யறப்ப போய்ப் பாக்கலாம்.”

தரகரிடம் நீங்களே கைபேசியில் இதைத் தெரிவித்தபோது அவர் எள்ளினார்: “மலையிலருந்து எறங்கி வந்து எனக்கே வழி சொல்றீங்களா? ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனக் குடுங்க.”

மழை வந்தது. சென்றோம். தரகர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கூடத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். நீங்கள் வாசலிலேயே நின்று, “இன்னா சார், வூட்டோட மீனும் சேத்துக் குடுப்பீங்களா?” என்றீர்கள். ஆண்களைத் தேடியவர் குனிந்து துடைப்பத்தை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

தை மாதத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்த அன்றே அண்ணன் சொன்னார்: “அவளும் போய்ட்டா. இனிமே வூடு கீடுன்னு பேசாத.”

நான் பேசவில்லை, அண்ணி. தேடினேன். நான்கு வீடுகளை மழையில் பார்த்தேன், நான்கையும் மறுத்தேன்.

இன்று வந்த இரண்டில் ஒன்று சிறியது, படமும் மங்கல். வெளியே மழை கொட்டியது. கடையைப் பூட்டிவிட்டுச் சென்று, எதிர்ப்புறத்தில் குடையோடு ஒரு மணி நேரம் நின்றேன். தெருத் தண்ணீர் அந்த வாசலைத் தொடாமல் வளைந்து போயிற்று. வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே சென்று சுவர்களின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. அந்நேரம் பார்த்து அண்ணன் அழைத்தார். வீடு பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன்.

“இந்த மழையில எவனாச்சும் வூடு பாப்பானா?”

ஏட்டுத் தமிழ் அப்போது எனக்கு உதவவில்லை. “எவனும் பாக்க மாட்டான். எங்க அண்ணி பாப்பாங்க” என்றேன்.

வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். “பத்திரம் யாரு பேர்லம்மா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

ஆனால் வாசற்சுவரில் பதிக்கவிருக்கும் கல்லில் உங்கள் பெயர்தான் இருக்கும். அண்ணன் வரும்போது அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.