கால் விறைத்தால் கரைக்கு வாருங்கள்

ஒக்டோபர் 12

குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தாங்கியின் படியில் ஏறி இருந்தால்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கிருந்து இன்று பாம்புக்கடி, மார்புக் காயம், சுழியோடிகளின் நோய் என்று சில வீடியோப் பாடங்களை இறக்கினேன். அவசர மருத்துவ மேற்படிப்புக்கான பரீட்சை பெப்ரவரியில். இந்தச் சின்ன ஆசுபத்திரியில் எனக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. பொறுப்பு வைத்தியர் வஸீர் இருக்கிறார். அவர் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான். "யூட்யூப் டொக்டர், இண்டைக்கு ஆரைக் காப்பாத்தினீங்கள்?"

வீடியோவில் வரும் வெள்ளைக்காரப் பேராசிரியர் நன்றாகத்தான் சொல்கிறார். சட்டையில் ஒரு கறை இல்லை. கையை நீட்டினால் ஒட்சிசன், போனை எடுத்தால் ஹெலிகொப்டர். பார்க்கும்போதே வயிறெரிகிறது.

ஒக்டோபர் 26

சுழியோடிகளின் பாடம் முடிந்தது. ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகி முள்ளந்தண்டைப் பாதிக்கும். கால் விறைக்கும். ஆளைப் படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, அழுத்த அறை உள்ள ஆசுபத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? விறைத்தவனைத் திரும்பவும் கடலுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மூடத்தனம்.

முக்கால் மணி நேரப் பாடத்தை மூன்று நிமிடத் தமிழாக்கி, நானே பேசிப் போனில் பதிந்தேன். தலைப்பு: கால் விறைத்தால் கரைக்கு வாருங்கள். அழுத்த அறை எட்டாத தூரத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதற்குத் தன்னிடம் தெளிவான பதில் இல்லை என்று பேராசிரியர் கடைசியில் சொல்கிறார். அதை விட்டுவிட்டேன். பதில் இல்லாததைச் சொல்லி இவர்களைக் குழப்புவானேன்?

நவம்பர் 3

கரையில் சுழியோடிகள் தங்கும் வாடிக்குப் போய் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பொடியன்கள் சிரித்தார்கள். மூத்தவர் கிறகரி சிரிக்கவில்லை. "மிஸ், நீங்கள் எத்தினை பாகம் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறியள்? எனக்கு ரெண்டு தரம் விறைச்சது. ரெண்டு தரமும் கீழ போய் இருந்து, மெல்ல மெல்ல ஏறித்தான் கால் திரும்பி வந்தது."

"திரும்பி வராத ஆக்கள் வந்து கதை சொல்லுறேல்லத்தானே" என்றேன்.

பொடியன்கள் சட்டென்று கிறகரியைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 4

தாதி கிறேஸ் இன்று சொன்னாள். கிறகரியின் தம்பி அப்படிக் கீழே போய்த்தான் ஏறவில்லையாம். தம்பியை இறக்கியவரே கிறகரிதானாம்.

எனக்குத் தெரியாதே. ஆனாலும் அவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். இனிமேல் யாரையும் திருப்பி இறக்கக் கூடாது என்று வாடியில் சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் நல்லதுதானே. இல்லையா?

டிசம்பர் 7

ஜெனிஸ்ரன். கிறகரியின் வாடிப் பொடியன், இருபத்தாறு வயது. இரண்டு காலும் விறைப்பு.

லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரத்தின் பெட்டியில் தலை உயராமல் மட்டமாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். "கீழ இறக்கேல்ல மிஸ். நீங்கள் சொன்னபடி நேரா இஞ்ச கொண்டு வந்தனாங்கள்" என்றார் கிறகரி. பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பியை நீட்டுவது போலச் சொன்னார். நான் நல்லது என்றேன்.

ஒட்சிசன் ஒரேயொரு சிலிண்டர், அதுவும் அரைவாசி. அம்புலன்ஸ் பிரசவக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போயிருந்தது. அழுத்த அறை இருப்பது நாட்டின் மற்றக் கரையில். அம்புலன்ஸ் வர முன்னமே சிலிண்டர் முடிந்துவிட்டது. "மிஸ், ஆரோ வேற ஆளின்ர கால் மாதிரிக் கிடக்கு" என்று ஜெனிஸ்ரன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

வஸீர் வந்து எட்டிப் பார்த்தார். "அந்த வீடியோவில சிலிண்டர் முடியிறேல்ல என்ன, மதுஷிகா?"

டிசம்பர் 9

மறுநாள்தான் அழுத்த அறைக்குள் எடுத்தார்களாம். பிந்திவிட்டது என்கிறார்கள்.

டிசம்பர் 18

பக்கத்து வாடியில் ஒருவனுக்குக் கால் விறைத்ததாம். என் வீடியோவைப் பார்க்காதவன். கீழே இறக்கி ஏற்றினார்களாம். நேற்று அவன் சந்தையில் சைக்கிள் ஓடிக்கொண்டு போவதைக் கிறேஸ் கண்டாளாம். ஏன் என்னிடம் வந்து சொல்கிறாள்? எனக்குத் தெரியும், அது அதிர்ஷ்டம், பத்துப் பேரை அப்படி இறக்கினால் எத்தனை பேர் செத்துப்போவினம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்யிறது? அவன் சைக்கிள் ஓடுறான்.

ஜனவரி 21

ஜெனிஸ்ரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு உணர்வுமில்லை. மனைவி றஞ்சிதா வந்திருந்தாள். ஏசுவாள் என்று நினைத்து, பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"மிஸ், மூத்திரக் குழாய் பாக்கிறதுக்கும் ஒரு வீடியோ போடுவியளோ? நீங்கள் சொன்னா விளங்கும்."

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளைக் கட்டிலில் இருத்தி, குழாயை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று செய்து காட்டினேன்.

பெப்ரவரி 17

பரீட்சை. கால் விறைத்த சுழியோடியைப் பற்றி ஒரு கேள்வி. முழுப் புள்ளி கிடைக்கும்படி எழுதினேன்.

மார்ச் 14

கிறகரியைக் கொண்டுவந்தார்கள்.

கால் விறைத்ததென்று படகில் சொன்னாராம். "மிஸ்ஸிட்டப் போவம் எண்டு கெஞ்சினம்" என்றான் கூட வந்தவன். "ஜெனிஸ்ரனைக் கொண்டுபோன இடத்துக்கு என்னைக் கொண்டு போகாதேங்கோ எண்டிட்டுத் தானே சிலிண்டரைக் கட்டினவர்." கீழே போனவர் ஏறவில்லை. இழுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பாடங்களில் பார்த்த எல்லாவற்றையும் செய்தேன். இன்று ஒட்சிசன் நிறைய இருந்தது. போதும், விடுங்கோ என்று வஸீர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மார்ச் 16

அடக்கம். போக வேண்டாம் என்றார் வஸீர். போனேன். யாரும் ஏசவில்லை. உட்காரக் கதிரை தந்தார்கள், சோடா தந்தார்கள்.

றஞ்சிதா ஜெனிஸ்ரனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் கிறகரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவற்றுக்குப் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுந்துபோய் அவன் தோளைத் தொட்டேன்.

அவன் திரும்பாமலே சொன்னான்.

"கிறகரி அண்ணன் தப்பிட்டார், மிஸ்."